ஜனவரி மாட்டிக்கொண்ட பல்

பெரும்பொய் சொல்கிறவனை “கம்பி கட்டுற கதை சொல்லாதடா” என்று அடக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். இது அசலாகவே கம்பி கட்டிய கதை. கட்டப்பட்டது கொண்டையம்பாலம் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் பேர் சொல்லும் தவமணியின் பல்லுக்கு. கட்டிவிட்டது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து வந்துபோகும் டாக்டர் நஸீமா. அந்தக் கம்பியில் பொங்கலன்று ஒரு கரும்பு நார் மாட்டி, அந்த நாரில் ஜனவரி மாதம் மாட்டி, அந்த ஜனவரியில் எங்கள் ஊர் மொத்தமும் மாட்டிக்கொண்டது. நம்பாதவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை கிடையாது. ஜனவரி நாற்பதாம் தேதி என்று அச்சடித்த காலண்டர் தாளில் வடை மடித்துக் கொடுத்த டீக்கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது, வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

தவமணிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. முன்பல் கொஞ்சம் எடுப்பு. அடுத்தவர் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்துபோவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு என்பதால், அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே ஊர் முறைவைத்து மரியாதை செய்துவந்தது. அவள் சிரித்தால் “வாய மூடிச் சிரியேன்த்தா” என்றது, சிரிக்காவிட்டால் “பல்லு தெரியும்னு உம்முனு இருக்கா” என்றது, தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவள் கிளிப் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் “இருந்த பல்லுக்கு என்ன கொறச்சலாம்” என்று அதே வாயால் கேட்டது. ரெண்டு வருஷம் கழற்றாமல் போட்டிருந்தால்தான் பல் நேராகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அத்தை பேச்சியம்மாள் வீட்டில் அத்தை சொன்ன சேலையைக் கட்டி, அத்தை போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவள், யாரையும் கேட்காமல் தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ரெண்டு வருஷத்தை மட்டும்தான்.

டாக்டர் நஸீமா சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பானவர். ஜனவரி முதல் ஞாயிறன்று கிளிப்பை ஒட்டி முடித்த கையோடு ஒரு வருஷத்தின் பருவங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் சட்டம் போட்டார். “கரும்பப் பல்லால கிழிக்கவே கூடாதும்மா, சாறாக் குடிங்க, ரொம்ப ஆசையா இருந்தா தோலைச் சீவி, பொடிசா நறுக்கி, கடவாய்ல வெச்சு மெதுவா மென்னுட்டுத் துப்பிருங்க. பனங்கிழங்குன்னா நாரை எடுத்துட்டு இடிச்சுச் சாப்பிடுங்க. மாங்கா மெல்லிசாச் சீவினதா இருக்கணும், மாம்பழத்துல சதை மட்டும், கொட்டையச் சப்பக் கூடாது. மக்காச்சோளத்தக் கதிரோட கடிக்காதீங்க, உதுத்து வேகவெச்சுக்கங்க. கொய்யாவுக்கு விதைய எடுத்துருங்க. தீபாவளிக்கு முறுக்குப் பக்கமே போகாதீங்க, அதிரசம் இருக்கே. எதத் தின்னாலும் வாயக் கொப்புளிச்சுட்டு சின்ன பிரஷ்ஷால கம்பிக்கு அடியில தேச்சு விட்டுருங்க.” எல்லாமே அருமையான யோசனைகள்தான். எங்கள் ஊரில் சாப்பாடு என்பது ஒருவர் தேர்ந்தெடுப்பதல்ல, மற்றவர்கள் வாயில் வைப்பது என்ற ஒரு சிறிய விஷயம் மட்டும் மதுரைக்காரருக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம் தவமணிக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முன்பல்லைச் சுற்றி முறுக்கியிருந்த மெல்லிய கம்பி ஒன்றின் முனை கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. மேற்பல் போய்க் கீழுதட்டைத் தொட்டால்தான் ‘வ’ என்ற எழுத்து பிறக்கும். தொட்ட மாத்திரத்தில் கம்பி சுருக்கென்று குத்தியது. கிளினிக் ரிசப்ஷனில் இருக்கும் ரூபியிடம் போய்ச் சொன்னாள். “பழகிரும்க்கா” என்றாள் ரூபி. அத்தையிடம் சொன்னாள், “பொம்பளப்புள்ளைக்கு எதுதான் குத்தல, பழகிரும்” என்றாள் அத்தை. தவமணியும் பழகிக்கொண்டாள், அதாவது ‘வ’ இல்லாமல் பேசப் பழகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள், கிளிப் போட்டதும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். பேரைக் கேட்டவர்களிடம் தமணி என்றாள். மைக்கில் ‘பயணிகளின் அன்பான கவனத்திற்கு’ என்பதை ‘பயணிகளே’ என்று சுருக்கினாள், அதுவரைக்கும் ஒருவரும் கவனிக்கவில்லை, ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் வத்தலக்குண்டு போகும் பஸ்ஸை எப்படிச் சொல்வது என்று நெடுநேரம் யோசித்து, கடைசியில் “மூணாம் நம்பர் மேடையில் குண்டு புறப்படத் தயாராக இருக்கிறது” என்று அறிவித்தபோது, பஸ் ஸ்டாண்டே செருப்பை விட்டுவிட்டு ஓடியது. போலீஸ் வந்து பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனது.

இதில் பெரிய நஷ்டம் ‘வேண்டாம்’ என்ற சொல்தான். மறுப்பதற்கு வேறு சொல்லே இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இருக்கிறது. ‘போதும்’ என்றால் எங்கள் ஊரில் இன்னொரு கரண்டி என்று அர்த்தம். ‘முடியாது’ என்றால் உடம்புக்கு என்ன என்று கஷாயம் கொண்டுவருவார்கள். ‘மாட்டேன்’ என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் மூன்று தெருவுக்கு அதுதான் அன்றைய பேச்சு. ‘வேண்டாம்’ ஒன்றுதான் கொஞ்சமாவது செல்லுபடியாகிற சொல், அதையும் மூன்று முறை சொல்லி, கையால் இலையை மறைத்துக்கொள்ள வேண்டும். அது வாயிலிருந்து போனதும் தவமணி எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று சொல்ல ஆரம்பித்தாள். சரி என்பது பல்லில் படாமல் வெளியே வருகிற நல்ல சொல்.

பொங்கலன்று சாயங்காலம் அத்தை வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு கரும்பைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, அத்தை ஒரு முழக் கரும்பைத் தவமணி முகத்துக்கு நேரே நீட்டினாள். தவமணி வாயைச் சுட்டிக்காட்டினாள், கம்பியைக் காட்டினாள், நறுக்கித் தரச்சொல்லிக் கையால் வெட்டிக் காட்டினாள். “நாளும் கெழமையுமா கரும்ப நறுக்கித் திங்கிறதுக்கு நீ என்ன பல்லுப்போன கெழவியா” என்றாள் அத்தை. “ஒரு கடிதானத்தா, என்ன ஆயிரப்போகுது.” கரும்பு விற்கிற மொக்கராசு அங்கே தன் சரக்கின் தரத்தைப் பார்க்கவென்றே வந்து உட்கார்ந்திருந்தார், “என் கரும்பு பல்லுல பட்டதும் ஒடியும், பயப்படாமக் கடி” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் ஒரு கடி, ஒரு கடி என்றார்கள், அதற்குப் பின்னாலிருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே ஒரு கடி என்றார்கள். தவமணி உதட்டை மடித்து ‘வே’ என்று ஆரம்பித்தாள், குத்தியது, சரி என்று சொல்லிவிட்டுக் கடித்தாள். நார் ஒன்று கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் நடந்தது, எல்லோரும் திருப்தியாகக் கைகழுவப் போனார்கள்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதித் தாளைக் கிழித்தபோது அடியில் பிப்ரவரி இல்லை. ஜனவரி முப்பத்திரண்டு என்று இருந்தது, ராகுகாலம், எமகண்டம், ராசிபலன் எல்லாம் முறையாகப் போட்டிருந்தது, மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்கு அலைச்சல். மறுநாள் முப்பத்துமூன்று. அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்தவர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள், போனும் அதையே சொன்னதால் மேற்கொண்டு யோசிக்க அவசியமில்லாமல் போனது. காலைப்பனி விலகவில்லை, மாமரங்களில் பூத்த பூ பூவாகவே நின்றது, மொக்கராசு கடையில் எத்தனை கட்டு விற்றாலும் அத்தனை கட்டு கரும்பு புதிதாக வந்து சாய்ந்து நின்றது, மொச்சையும் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சந்தையில் மலையாகக் குவிந்தன. தினமும் முகூர்த்த நாள், தினமும் மொய். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் ஒன்றாம் தேதி வராததைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள். அவர்களிடமே சம்பளத் தேதி எப்போது என்று கேட்டபோது மட்டும் நாட்டில் நியாயமே இல்லையென்று கொதித்தார்கள். பிள்ளைகள் மார்ச் மாதப் பரீட்சைக்குப் படிப்பதை நிறுத்தினார்கள். மாசியில் பிள்ளை பெறவேண்டிய ஒருத்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள், நல்ல நட்சத்திரம் பார்க்கக் கூடுதல் அவகாசம் கிடைத்ததில் அவள் மாமியாருக்குப் பரம சந்தோஷம்.

நார்தான் காரணம் என்று கண்டுபிடித்தது மொக்கராசு. எதிர்வாசலில் நின்று தவமணி பல் தேய்க்கும்போது சின்ன பிரஷ்ஷால் நாரைக் கொஞ்சம் அசைத்தால் தெருவில் ஒரு நொடி சுள்ளென்று மாசி வெயில் அடிப்பதையும், கையை எடுத்ததும் பனி திரும்புவதையும் அவர் தன் கடை வாசலில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டார். அதன் பிறகு அவள் வாய் பொதுச்சொத்தானது. ஊக்கு கொண்டுவந்தவர்கள், தையல் நூல் கொண்டுவந்தவர்கள், தூண்டில் நரம்பு கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சைக்கிள் கடைக்காரர் கொறட்டால் பிடித்து இழுத்தபோது நார் முழக்கணக்கில் வந்துகொண்டேயிருந்தது, வாசல் தாண்டி, தெரு தாண்டி அவர் பின்னாலேயே நடந்துபோனார், ஊரில் வேர்க்க ஆரம்பித்தது, இரண்டு வீடுகளில் மின்விசிறிகூடப் போட்டார்கள், கை வலித்துப் பிடியை விட்டதும் நார் சுருண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் கம்பளியைத் தேடிப் போனார்கள். அந்த நேரம் முழுக்கத் தவமணி வாயைத் திறந்தபடி நின்றாள், வலிக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று மாட்டினால் என்ன கதி என்ற பயம் வந்ததும், அவள் தின்பதற்கு ஊர் காவல் போட்டது. டாக்டர் சொன்ன சட்டமெல்லாம் இப்போது எங்களுக்கு மனப்பாடம், நாங்களே கண்டுபிடித்ததுபோல அவளுக்கே பாடம் எடுத்தோம். “கடவாய்லதான் மெல்லணும்த்தா, தெரியுமா?” “மொச்சைக்குத் தோலு உரிச்சியா? தோலு ஒட்டும்.” கரும்பை நீட்டிய அதே முற்றத்துக்கு அதே ஆட்கள் அதே அக்கறையோடு கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்தார்கள்: மசித்த சர்க்கரைவள்ளி, நாரெடுத்து இடித்த பனங்கிழங்கு, குழைந்துபோன பொங்கல், வடிகட்டிய கரும்புச் சாறு. எல்லாமே பல்லுக்குப் பத்திரமானவை, வயிற்றைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வீட்டில் வாங்கி இன்னொரு வீட்டில் மறுக்க முடியுமா? தவமணி சரி, சரி என்று எல்லாவற்றையும் தின்றாள். பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டே ஏப்பம் விட்டாள், அது எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

கிளிப் டாக்டரிடமே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் வந்தார். மதுரையில் பிப்ரவரி முதல் ஞாயிறு பிறந்ததும் வழக்கம்போலக் காரை எடுத்துக்கொண்டு, ஊர் எல்லையிலிருக்கும் பாலத்தைத் தாண்டி, பனிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து இறங்கினார். ரூபி கதவைத் திறக்காமலே சொன்னாள்: “ஒங்க விசிட் பிப்ரவரியில டாக்டர். இங்க இன்னும் ஜனவரிதான்.” டாக்டர் தன் போனைப் பார்த்தார், அதுவும் ஜனவரிக்கு மாறியிருந்தது, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அடுத்த ஊர் கிளினிக்குக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்து தவமணி மறுநாளே பஸ் பிடித்து மதுரைக்குப் போனாள். ஜனவரியும் அவள் பின்னாலேயே ஏறியது, அவள் உட்கார்ந்த சீட்டின் ஜன்னல் மட்டும் பனியால் மூடிக்கொண்டது, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். மதுரையில் கிளினிக்கின் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். “டாக்டர் பிப்ரவரியில இருக்காங்க மேடம், நீங்க ஜனவரியில இருக்கீங்க” என்று கனிவாகச் சொன்னாள். “ஒங்களுக்கு பிப்ரவரி வந்ததும் ஒரு போன் பண்ணிட்டு வாங்க.” தவமணி சரி என்றாள்.

அவள் மதுரையில் இருந்த அந்த அரைநாள்தான் விஷயத்தைக் கெடுத்தது. பஸ் பாலத்தைத் தாண்டிய நிமிஷத்தில் ஊரில் பனி விலகியது. மாந்தோப்புக் குத்தகைக்காரர் ஒச்சப்பன் தன் மரத்தடியில் நின்றபடி, இத்தனை நாள் அசையாத பூ உதிர்ந்து மிளகளவு பிஞ்சு பிடிப்பதைப் பார்த்தார், பிஞ்சு சுண்டைக்காய் அளவாவதைப் பார்த்தார், சந்தோஷத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாயங்கால பஸ் திரும்பி வந்தது. பிஞ்சுகளெல்லாம் அவர் கண்ணெதிரே சுருங்கிப் பூவாகிக் கிளையில் ஒட்டிக்கொண்டன. ஒச்சப்பன் மரத்தடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், அந்த அழுகையில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

பேரூராட்சித் தலைவர் கல்யாண மண்டபத்தில், இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், கூட்டம் போட்டார். ஒச்சப்பன் எழுந்து கொறட்டால் கிளிப்பையே பிடுங்கி எறியவேண்டும் என்றார். மொக்கராசு பதறிப்போய், ஒரு பெண்பிள்ளையின் பல்லில் கைவைப்பது பாவம், ஜனவரி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார், அவருடைய இரக்கம் கட்டுக் கட்டாகக் கடையில் சாய்ந்து நின்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தலைவர் சொன்னார், எங்கள் தலைவருக்கு எப்போதும் இரண்டு பக்கமும் நியாயம் தெரியும். எல்லோருக்கும் நல்லதாக ஒரு நடுவழி இருக்கிறது என்றார் அவர்: பாலத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துவிட்டால் பெண்ணும் கரையேறினாள், ஜனவரியும் கூடவே போய்விடும், அந்த ஊர்க்காரர்கள் பழகிக்கொள்வார்கள். மண்டபம் அதிரக் கைதட்டினோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தவமணியைப் பார்த்து, “என்னம்மா சொல்ற?” என்றும் கேட்டார்கள், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் எழுந்து “முடியாது” என்றாள். “ஒன்னால முடியாட்டி என்னத்தா, நாங்க எதுக்கு இருக்கோம், நாங்க முடிச்சு வெக்கிறோம்” என்றாள் அத்தை. கூட்டம் நெகிழ்ந்துபோய்க் கலைந்தது.

அன்றைக்கு அத்தையோடு நடந்து வரும்போது தவமணி தனக்குத் தெரிந்த ‘வ’ இல்லாத சொற்களையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். “எனக்கு இந்த ஊர்தான் அத்தே. மைக்கு இருக்கு. பல்லு நேராகணும். அது மட்டும் போதும்.” அத்தை அவள் கன்னத்தைத் தடவினாள். “போற எடத்துலயும் பஸ் ஸ்டாண்டு இருக்கும்த்தா” என்றாள். அத்தைக்கு அவள்மேல் பாசம் இல்லாமல் இல்லை, அந்தப் பாசத்துக்குக் காதுதான் இல்லை.

திருப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை லோகநாதன், பனியன் கம்பெனியில் வேலை, நல்ல பையனாகத்தான் தெரிந்தான், வந்ததிலிருந்து தன் போனில் ஜனவரி எண்பத்தைந்து என்று காட்டுவதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே அத்தை வீட்டு வாசலில் நின்றது, உள்ளே இடம் கிடைத்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், ஜன்னல் வழியே பார்த்தவர்கள் பஜ்ஜி தின்பவர்களைப் பார்த்தார்கள். தவமணி காபித் தட்டோடு வந்து நின்றாள். பையனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எல்லாம் திருப்திங்க. கல்யாணத்துக்குள்ள அந்தக் கம்பிய மட்டும் கழட்டிப்போடுங்க, போட்டோவுல பல்லு மின்னுமுங்க” என்றார். “அதுக்கென்ன சம்மந்தி, சைக்கிள் கடை பக்கத்துலதான் இருக்கு” என்றாள் அத்தை. ஊரும் போய், பல்லும் போகப்போகிறது என்று அந்த நிமிஷத்தில் தவமணிக்குப் புரிந்தது. “என்னத்தா, சரிதான?” என்றாள் அத்தை. ஜன்னலில் ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஏண்டாம்” என்றாள் தவமணி.

“ஏன்னு கேக்குது, வெக்கப்படுது” என்று அத்தை சம்மந்தியம்மாளுக்கு விளக்கினாள். “அதெல்லாம் சரின்னுதான் அர்த்தம்.”

தவமணி காபித் தட்டைக் கீழே வைத்தாள். நிதானமாகக் கீழுதட்டை உள்ளே மடித்து, மேற்பல்லை அதன்மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தினாள். கம்பி இறங்கியது, ரத்தம் முகவாய்க்கு வழிந்தது, அவள் பல்லை எடுக்கவில்லை. “வேண்டாம்” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மைக்கில் பழகிய குரல், வாசல்வரைக்கும் தெளிவாகக் கேட்டது. “மாப்பிள வேண்டாம். கிளிப்பக் கழட்ட வேண்டாம். திருப்பூர் வேண்டாம்.” கடைசி ‘வே’யில் நார் அறுந்து பஜ்ஜித் தட்டில் விழுந்தது, அரை விரல் நீளம்கூட இல்லை, அதை ஒருவரும் தொடவில்லை.

பிப்ரவரி, பையன் வீட்டார் செருப்பு மாட்டும்போது வந்து, அவர்கள் வேன் பாலத்தை நெருங்கும்போது முடிந்தது. இருட்டுவதற்குள் மார்ச் பாதி போய்விட்டது. மொக்கராசு கடையில் கரும்பு சோகை காய்ந்து விறகாயிற்று. பிள்ளைகள் பேனாவைத் தேடிக்கொண்டு பரீட்சைக்கு ஓடினார்கள், சம்பளமும் வாடகையும் ஒரே வாசலில் மோதிக்கொண்டன, மாசிக்காரி ஆட்டோவில் போகும்போதே பெண்பிள்ளை பெற்றாள், நட்சத்திரம் குறிக்க யாருக்கும் நேரமில்லை. ஒச்சப்பன் தோப்பில் பூ உதிர்ந்து, பிஞ்சு பிடித்து, காய் கனத்துக் கிளை தாழ்ந்தது.

இத்தனையும் எப்படி நடந்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. கோயிலுக்குத் தான் நேர்ந்துகொண்ட கிடாதான் காரணம் என்பது ஒச்சப்பன் கட்சி. பேரூராட்சித் தீர்மானம்தான் காரணம் என்பது தலைவர் கட்சி. தவமணி ஏதோ சொன்னாள் என்பதை இரண்டு கட்சியும் மறுக்கவில்லை, ஒரு நல்ல இடத்தை அது கெடுத்துவிட்டது என்பதிலும் இரண்டுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அத்தை அவளோடு பேச்சை நிறுத்தினாள், ஆனாலும் முதல் மாங்காயைப் பெரிய துண்டாக அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தட்டில் வைத்து, தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். தவமணி கத்தியை எடுத்து அதை மெல்லிசாகச் சீவிக்கொண்டு, போதுமென்று பட்டதைத் தின்றாள், மீதியை அப்படியே வைத்தாள். வெயில் தாங்க முடியாமல் விசிறிக்கொண்டிருந்த நாங்கள், ஜனவரி எவ்வளவு சுகமாக இருந்தது, இந்தப் பெண்ணால் போயிற்றே என்று பேசிக்கொண்டோம்.

ஏப்ரல் முதல் ஞாயிறு டாக்டர் நஸீமா வந்தார். ரூபி தேதியைச் சரிபார்த்துக் கதவைத் திறந்தாள். தவமணியை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, வாய்க்குள் கண்ணாடியை விட்ட டாக்டர், கீழுதட்டில் ஆறிக்கொண்டிருந்த காயத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மேலே தேடி, துருத்தியிருந்த கம்பி முனையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“இது குத்துமே. இத்தன நாளா ஏம்மா சொல்லல?”

“சொன்னேன் டாக்டர்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும். பழகிரும்னாக.”

டாக்டர் சின்னக் கத்தரியை எடுத்தார், டிக்கென்று ஒரு சத்தம், மயிரிழை போலக் கம்பித் துணுக்கு ஒன்று பஞ்சில் விழுந்தது. அதைச் செய்து முடிக்க மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. தவமணியின் கண்ணில் தண்ணீர் வந்தது, வலியில்லை என்று கையை ஆட்டினாள்.

“இப்ப பேசிப் பாருங்க” என்றார் டாக்டர்.

தவமணி பல்லை உதட்டில் வைத்தாள், உதடு அதை வெறுமனே ஏற்றுக்கொண்டது. “வேண்டாம்” என்றாள்.

“என்ன வேண்டாம்?”

தவமணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே அடுத்தவர் காத்திருப்பதாகச் சொல்ல ரூபி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“வந்தவுகளை உக்காரச் சொல்லு ரூபி” என்றாள் தவமணி. “கொஞ்சம் நேரமாகும்.”